முகத்துவாரம் வெட்டுகிற நாள்

வாவிக்கரை விசுவாசம் – 9

மாரி மழை நாலு நாள் விடாமல் அடித்தால் சித்தாண்டியில் பேச்சு மாறிவிடும். ஈரளக்குளம் போகிற வீதியில் தண்ணீர் ஏறிவிட்டதா, பெருமாவெளிப் பக்கம் தோணி ஓடுகிறதா என்று விசாரிப்பவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது ஒன்றுதான்: "முகத்துவாரம் வெட்டியாச்சா?"

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அது கடலோடு சேர்கிற வாய்கள் இரண்டு: ஒன்று பாலமீன்மடுப் பக்கம், மற்றது கல்லாற்றில். கோடையில் அலை மண்ணைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிடும். மாரியில் ஆறுகள் பெருகி வாவியில் இறங்க, போக வழியில்லாத தண்ணீர் வயலுக்கு ஏறும். அப்போதுதான் மண்மேட்டை வெட்டிவிட வேண்டும். வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார். மீன்பிடிக்கிறவர், பொறு, தண்ணீரோடு மீனும் இறாலும் போய்விடும் என்பார். பிந்தினால் வேளாண்மை அழியும். முந்தினால் தொழில் படுக்கும். அதனால்தான் அது கச்சேரி வரைக்கும் போகிற பேச்சு.

போன கிழமை, சந்தேகப்படுகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். இந்தக் கிழமை சுமக்கிற பிள்ளைகள். வெள்ளத்தில் தொடங்கியதன் காரணம் போகப்போகத் தெரியும்.

"விட்டிரு மகன்"

ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். இவன் ஒரு தனிப் பிள்ளை அல்ல; பல பிள்ளைகளைச் சேர்த்து நான் வரைந்த முகம். வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. அம்மா குவைத்தில் வீட்டுவேலை. அவருடைய குரல் தொலைபேசியில்தான். அப்பா பின்னேரமானால் வேறு ஆள். அம்மம்மா 1990இல் போன மகனுக்காக இன்னும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரே சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழாவில் கூடுகிற நாட்களில், சபைக்குப் போகிற இவனுக்குக் கூட்டாளிமாரோடு போவதா, வீட்டில் இருப்பதா என்று தெரியாது. போனால் சபையில் ஒரு பார்வை. போகாவிட்டால் வகுப்பில் ஒரு பார்வை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாலிபர் பொறுப்பாளர் தோளில் கை போடுகிறார். "என்ன மகன், முகம் வாடிக் கிடக்கு? எல்லாத்தையும் ஆண்டவரிட்ட விட்டிரு." இவன் "ஓம் அண்ணா" என்கிறான். வீட்டுக்குப் போகிறான். ஒன்றும் விடுபடவில்லை.

அண்ணன் சொன்னதில் பிழையில்லை. பிழை, சொன்ன நேரத்தில் இருக்கிறது. என்ன சுமை என்று கேட்பதற்கு முன்னமே இறக்கச் சொல்லிவிட்டார். பையனின் காதில் அது "இதைப் பற்றி இனிப் பேசாதே" என்றுதான் விழுந்தது. "விடு" என்ற சொல்லிலிருந்துதான் விடுதலையும் வருகிறது, கைவிடுதலும் வருகிறது. எதைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லுகிறவர் தீர்மானிப்பதில்லை. கேட்கிற பிள்ளையின் நிலைமைதான் தீர்மானிக்கிறது.

ஏலியின் பிழை

வேதாகமத்தில் இதற்கு நேரான ஒரு காட்சி உண்டு. சாமுவேலின் முதலாம் புத்தகம், முதல் அதிகாரம். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது மன்றாடுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. வாசலில் இருந்த ஆசாரியன் ஏலி அவளைப் பார்த்துக் குடிகாரி என்று எண்ணிக் கண்டிக்கிறான். ஆலயத்தில் ஆயுள் கழித்த மனிதனுக்கு அழுகைக்கும் வெறிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இன்றைக்கு ஏலிகள் நாங்கள்தான். பேசாமல் இருக்கிற பிள்ளையைத் திமிர் பிடித்தது என்கிறோம். தொலைபேசியே கதியென்று கிடப்பதை உலகப் பற்று என்கிறோம். ஜெபத்தில் நித்திரை கொள்பவனை அக்கறை இல்லாதவன் என்கிறோம். இரவு அப்பாவின் சத்தத்தில் அவன் கண்மூடினானா என்று கேட்பதில்லை.

ஆனால் ஏலிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அன்னாள் மறுத்துப் பேசியபோது கேட்டான். கேட்டபின் தன் சொல்லை மாற்றி அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் முகம் வாடியிருக்கவில்லை. கவனியுங்கள், அப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கவில்லை. நிலைமையில் ஒரு மாற்றமும் இல்லை. மனதில் கிடந்ததை முழுதாகக் கொட்டினாள், ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. விட்டுவிடுதல் என்று நான் விளங்கிக்கொள்வது இதைத்தான். அன்னாள் எதையும் மறக்கவில்லை, அழுகையை அடக்கவுமில்லை.

விட முடியாதவை

எல்லாவற்றையும் விடலாமா? மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்கு ஆம் என்று இலேசாகச் சொல்ல முடியாது.

1990 ஆகஸ்ட் 15. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கூட வந்தவர் பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞர். கிரான், சந்திவெளி, சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர் என்று நாங்கள் தினமும் பஸ்ஸில் போய்வருகிற அதே திசை. இருவரும் வீடு சேரவில்லை. மூன்று கிழமை கழித்து, செப்டெம்பர் 5ஆம் திகதி, சித்தாண்டிக்குப் பக்கத்திலுள்ள வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களும் திரும்பவில்லை.

செத்த வீடு என்றால் அழலாம், அடக்கம் செய்யலாம், நினைவு நாளில் மெழுகுதிரி ஏற்றலாம். காணாமற் போனவருக்கு என்ன செய்வது? அமெரிக்க உளவியலாளர் பவுலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். இந்தத் துக்கத்துக்கு முடிவுரை எழுத முடியாது, அதைக் கூட வைத்துக்கொண்டே வாழப் பழக வேண்டும் என்பது அவருடைய வாதம். நான் சொன்ன பையன் பிறக்கும் முன்னரே இது நடந்தது. ஆனாலும் அம்மம்மாவின் படலைப் பார்வை அவனுக்கு முதுசமாக வந்திருக்கிறது. இதை விடு என்று அவனிடம் சொல்வது நியாயமல்ல. விடை கிடைத்தால்தான் தேவனை நம்புவேன் என்ற பிடியை மட்டும் மெல்லத் தளர்த்தச் சொல்லலாம். அதையும் கட்டாயப்படுத்த ஏலாது. சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு வசனம் ஒட்டப்படவில்லை. அப்படியிருந்தும் அது வேதாகமத்தில் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது.

களிமண்ணும் கேள்வியும்

சுமையை இறக்கச் சொல்லாமல், அதை வெளியே கொண்டுவரப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துக் காட்டியவர்கள் இந்த மண்ணில் உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல், யேசுசபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பஸ்ஸில் ஒன்றாக வந்தார்கள். அங்கே அவர்களுக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. களிமண், வண்ணம், கதை, பாட்டு, நாடகம் இவைதான் காத்திருந்தன. வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும் என்ற நம்பிக்கையில் நடந்த வேலை அது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் வகுப்பு முடிந்து வெளியே நின்றார்கள். இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். அன்று சின்னவர்களாக இருந்து தப்பியவர்கள் இன்று பதின்ம வயதில் இருக்கிறார்கள். பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிற பிள்ளையிடம் பயப்படாதே, விசுவாசி என்பது போதுமா? பயப்படுகிற உடம்பை விசுவாசக் குறைவு என்று கணக்கெழுதாமல் இருப்பதே முதல் உதவி.

வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான்.

முதலில் சாப்பாடு. களைத்துப்போய்ச் சாக வேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தூதன் கொடுத்தது அப்பமும் தண்ணீரும், இடையிலே நித்திரை. புத்திமதி வரவில்லை. கூட்டத்துக்கு வருகிற பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணியும் பணிசும் கொடுத்த பிறகு வேதாகமத்தைத் திறங்கள்.

அடுத்தது கேள்வி. "நல்லா இருக்கிறியா" என்று கேட்டால் ஓம் என்றுதான் வரும். "இந்தக் கிழமை எது கூடப் பாரமா இருந்தது?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். கஷ்டமான பகுதி அதுதான்.

பிள்ளை சொன்னதைச் சபையில் ஜெபக் குறிப்பாக வாசிக்காதீர்கள். அவன் அழுததை அடுத்த ஞாயிறு சாட்சியாக்காதீர்கள். சித்தாண்டி மாதிரி ஊரில் ஒரு ஜெபக் குறிப்பு சந்தைக்குப் போய்ச் சேர அரை நாள் போதும். ஒருமுறை கசிந்தால் அந்தப் பிள்ளை பிறகு வாய் திறக்காது. ஆனால் யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் அது இரகசியமல்ல. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்ல வேண்டியது பெரியவரின் கடமை. உயிரை விடுவது பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், 1926ஐ அழையுங்கள், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். ஜெபத்துக்கு மருந்து எதிரியல்ல.

ஒருமுறை வெட்டினால் போதாது

முகாம்களின் கடைசி இரவு எங்களுக்குத் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து, பாட்டை மெதுவாக்கி, பாரங்களைக் கடதாசியில் எழுதி நெருப்பில் போடச் சொல்வார்கள். பிள்ளைகள் தேம்பி அழுவார்கள். அந்த அழுகை பொய்யல்ல. ஆனால் திங்கட்கிழமை அப்பா அதே அப்பாதான். இரண்டு மாதத்தில் பாரம் திரும்பி வந்ததும் பிள்ளை தன்னைத்தானே குற்றம் சொல்கிறது: "நான் சரியா விடேல்லை போல."

முகத்துவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். போன மாரியில் வெட்டிய வாய் இந்தக் கோடையில் மூடிக் கிடக்கும். அதற்காக யாரும் வாவியைக் குற்றம் சொல்வதில்லை. மண் சேரும், திரும்ப வெட்டுவோம். எப்போது வெட்டுவது என்பதைக் கூடியிருந்து, வயல்காரர் சொல்வதையும் கேட்டு, மீன்காரர் சொல்வதையும் கேட்டுத் தீர்மானிக்கிறார்கள். பிள்ளையின் மனதுக்கு மட்டும் நாங்கள் தனியாளாக, ஒரே இரவில் நாள் குறிக்கப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வாய் திறந்த பிறகு வெள்ளம் கடலுக்கு இறங்குவதோடு வேலை முடிவதில்லை. வெள்ளம் வடிந்ததும் கடல் உள்ளே வரத் தொடங்கும். உப்புத் தண்ணீரோடு மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வாவிக்குள் ஏறும். அடுத்த பருவத்துத் தொழில் அதிலிருந்துதான். விசுவாசம் வளர்வதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பாரம் இறங்கிய இடத்தில் வேறொன்று உள்ளே வர வழி கிடைக்கிறது. அது வருகிற நாளை நாங்கள் குறிக்க ஏலாது. வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கிழமை: கோயில் திருவிழாவும் சபைப் பிள்ளையும் – கூட்டாளிமாரை இழக்காமல் விசுவாசத்தில் நிற்பது எப்படி?