மோடம் சொன்ன வேகம்

ஆழ்வார்குறிச்சியில் வயல் வைத்திருப்பவரிடம் போய், கடனாநதி அணையில் ஷட்டரை எத்தனை அடி தூக்கினார்கள் என்று பெருமை பேசினால் சிரிப்பார். கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் அவர் கணக்கு. டயல்-அப் காலத்தில் எங்கள் வீட்டு மோடம் அணைக் கணக்கை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது.

டெலிபோன் லைனில் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக ஓய்ந்ததும் திரையில் '115,200' என்று தோன்றும். நொடிக்கு அத்தனை பிட்! அந்த வேகத்தில் 100 கிலோபைட் படம் ஏழு விநாடியில் இறங்கியிருக்க வேண்டும். அரை நிமிடம் ஆகும்.

மோடம் பொய் சொல்லவில்லை. கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு முழக் கேபிளின் வேகம் அது. எழுத்து மாதிரியான தரவுகளை மோடம் நான்கு மடங்குவரை சுருக்கி அனுப்பும். வந்து சேர்ந்ததை விரித்துக் கணினிக்குள் தள்ள அகலமான வாய் வேண்டும் என்பதால் அந்தக் கேபிளை அவ்வளவு வேகமாக வைப்பார்கள். டெலிபோன் கம்பியில் ஓடுவது வேறு கணக்கு. வி.34 தரத்து மோடத்துக்கு உச்சம் 33,600. 1998-இல் வந்த வி.90, இறக்கும் திசையில் மட்டும் 56,000 வரை போகும்; அதுவும் இணையச் சேவை தருபவரின் முனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருந்தால்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பியில் 28,800 வந்தாலே விசேஷம்.

உண்மையைச் சொல்லவைக்க ஒரு கட்டளை உண்டு: டபிள்யூ2. 1981-இல் ஹேஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தோடு கொண்டுவந்த 'ஏடி' கட்டளைக் குடும்பத்தில் பிற்பாடு சேர்ந்தது. விண்டோஸ் 98-இல் கன்ட்ரோல் பேனலில் மோடத்தைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் கட்டத்தில் இதை அடித்தால் போதும். முன்னால் 'ஏடி' வேண்டாம். அடுத்த முறை லைன் கிடைத்ததும் 115,200 இருந்த இடத்தில் 28,800 நிற்கும். வேகம் ஒரு பிட்கூடக் கூடியிருக்காது, ஆனாலும் ஏனோ மனசு ஆறும். எல்லா மோடமும் இதற்குப் பணியாது. ராக்வெல் சில்லு உள்ளவற்றில் எஸ்95 என்ற பதிவேட்டில் வேறு எண் இருந்தால், டபிள்யூ2-இன் பேச்சு எடுபடாமல் போகலாம்.

இந்த எண்ணும் லைன் கிடைத்த அந்த நிமிடத்துக்கானதுதான். சாரல் பிடித்து ஜாயிண்டில் ஈரம் இறங்கினால் இரைச்சல் கூடும். மோடங்கள் இரண்டும் மறுபடி பேசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் பழைய எண்ணே நிற்கும். யு.எஸ்.ரோபாடிக்ஸ் மோடமாக இருந்தால், லைனைத் துண்டித்த பிறகு 'ஏடிஐ6' என்று அடித்துப் பார்க்கலாம். எத்தனை தடவை அப்படிப் பேரம் நடந்தது என்பதுவரை கொட்டிவிடும்.