உடையுமா, பொருந்துமா?

லண்டன் ஆர்ச்வே ரோட்டில் முருகன் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் அரசு மருத்துவச் சேவையில் விழுந்த பல்லுக்குப் பதிலாக, பக்கத்துப் பற்களில் பிடிக்கும் பிரிட்ஜ் கட்டிக்கொண்டால், 2025 ஏப்ரல் கட்டணப்படி 326.70 பவுண்டு ஆகும். தனியாரிடம் சிர்கோனியா என்ற செராமிக்கில் கேட்டால் இன்னும் கூடும். இவ்வளவு கொடுப்பவர் முதலில் கேட்பது, "முறுக்கு கடிச்சா உடையுமா?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, பிரிட்ஜின் ஓரம் பல்லோடு பொருந்துமா என்பது.

பழைய போர்சலின் 100 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்குள்ளேயே உடைந்துவிடும். 1965-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவர் ஜான் மெக்லீன், ஹியூஸ் என்பவரோடு சேர்ந்து அதில் அலுமினா கலந்து பலமேற்றினார். இன்றைய சிர்கோனியாவில் வலுவான வகைகள் சுமார் 1,000 மெகாபாஸ்கல் தாங்குகின்றன. விரிசல் விழுந்தால் அதன் நுனியிலுள்ள படிகங்கள் வடிவம் மாறி ஏறக்குறைய 4 சதவீதம் பருத்து, விரிசலை நெருக்கிப் பிடிக்கின்றன. பிரிட்ஜில் பலவீனமான இடம் பல்லும் பல்லும் சேரும் இணைப்பு. அதன் உயரம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

பொருத்தம் வேறு கதை. வாயை ஸ்கேன் செய்து கணினியில் வரைந்த பிரிட்ஜை, சாக்பீஸ் போல மென்மையான கட்டியிலிருந்து இயந்திரம் கடைந்தெடுக்கிறது. சுமார் 1,500 டிகிரி சூளையில் அது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், முன்கூட்டியே அதை ஈடுகட்டும் அளவுக்குப் பெரிதாகக் கடைகிறார்கள். கடையும் முனையைவிடக் கூர்மையாகப் பல்லைச் செதுக்கியிருந்தால், இயந்திரம் உட்புறத்தை அதிகமாகக் குடைந்துவிடும்.

பிரிட்ஜின் ஓரத்துக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபர் என்பவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பல் கட்டுகளைப் பார்த்து 1971-இல் சொன்ன வரம்பு 120 மைக்ரான், அதாவது 0.12 மில்லிமீட்டர். இன்றும் ஆய்வாளர்கள் அதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

சூரிச் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வைப் படித்தால் இதன் கனம் புரியும். பிரிட்ஜ்களின் உள்ளே இருந்த சிர்கோனியா சட்டகங்களில் 97.8 சதவீதம் தாக்குப்பிடித்தன. ஆனால் 15.2 சதவீத பிரிட்ஜ்களில் சட்டகத்தின் செராமிக் மேற்பூச்சு பெயர்ந்தது, 21.7 சதவீதத்தில் அடியில் மீண்டும் சொத்தை. அப்போதைய முன்மாதிரி இயந்திரத்தின் பொருத்தம் போதாததே சொத்தைக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அதற்குப் பிறகு ஸ்கேனரும் கடைசல் இயந்திரமும் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். உட்புறம் சிலிகோன் பசை தடவிப் பல்லில் அழுத்தி எடுத்தால், பசை விலகி வெள்ளை செராமிக் தெரியும் இடம்தான் இடிக்கும் இடம். தண்ணீர் விட்டு அந்தப் புள்ளியை மட்டும் மெல்ல ராவுவார்கள். மறுபடி பசை, மறுபடி அழுத்தல். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும் மருத்துவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.