விக்கெட் 0... வாத்தியார் நம்பர் 1!

அரியர் வெச்சிருக்கிற ஒருத்தர், எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து பத்து பேருக்குப் பாடம் நடத்தி, பத்து பேரையும் பாஸ் பண்ண வெச்சிடுவாரே... உங்க காலேஜ்லயும் அப்படி ஒரு ஆள் இருப்பார்தானே? இந்திய கிரிக்கெட்டுக்கும் ஒருத்தர் கிடைச்சார். அதுவும் நம்ம ஊர்க்காரர்!

பேரு, டி.ஏ.சேகர். தமிழ்நாட்டு ஃபாஸ்ட் பௌலர். 1983 பாகிஸ்தான் டூர்ல இந்தியாவுக்காக 2 டெஸ்ட் ஆடினார். எடுத்த விக்கெட்? பூஜ்யம்! ஒரு நாள் போட்டிகள் 4, விக்கெட் 5. அவ்வளவுதான், சர்வதேசக் கணக்கு க்ளோஸ். நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

தி.நகர்வாசிகளே, மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினா மூணாவது ஸ்டேஷன் சேத்துப்பட்டு. அங்கே எம்.சி.சி. ஸ்கூல் மைதானத்தில் இருக்கு எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன். ஸ்பின்னர்களுக்குப் பேர்போன நாட்டில் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கணும்னு 1987-ல் ஆரம்பிச்ச இடம். 2012 வரைக்கும் டைரக்டரா இருந்தவர், ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. டெஸ்ட்ல 355 விக்கெட் எடுத்த சூரப்புலி. ஆனா, அவர் வருஷத்தில் சில தடவைதான் வந்து போவார். மத்த நாளெல்லாம் பசங்களோடு வெயில்ல நின்னவர், தலைமை கோச் சேகர்.

'ஓடி வந்து வேகமா போடறதுக்கு எதுக்கு பாஸ் கோச்சிங்?'னு கேட்கறீங்களா? நம்ம மெக்கானிக்ஸ் பேப்பரைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. பந்தை விடற நேரத்தில் முன்னங்கால்ல இறங்கற விசை, உடல் எடையைப் போல பல மடங்கு. அப்போ இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம் பார்த்தா முறுக்கு மொத்தமும் முதுகெலும்புக்குத்தான். எலும்பில் விரிசலே விழும். லில்லிக்கே 1973-ல் முதுகு எலும்பு முறிஞ்சு, ஆக்‌ஷனை மாத்திக்கிட்டுத்தான் திரும்பி வந்தார். ஒரு பையனோட முதுகைக் காப்பாத்தணும், வேகத்தையும் குறைக்கக் கூடாது. கோச்சோட வேலை அதுதான்!

இப்போ ரிசல்ட்டைப் பாருங்க. இங்கே பயிற்சி எடுத்தவங்கள்ல ஸ்ரீநாத் டெஸ்ட்ல 236 விக்கெட், வெங்கடேஷ் பிரசாத் 96, இர்ஃபான் பதான் 100. இலங்கையின் சமிந்தா வாஸ் 355. ஆமாம், லில்லி எடுத்த அதே எண்ணிக்கை!

அப்புறம் ஜாகீர்கான். மஹாராஷ்டிராவின் ஸ்ரீராம்பூர்ப் பையன். இன்ஜினீயரிங்கை விட்டுட்டுப் பந்து போடப் போனு சொன்னதே அவரோட அப்பாதான். (நம்ம வீட்ல சொல்லிப் பாருங்களேன்!) அவரைக் கண்டுபிடிச்சு சென்னைக்குக் கூட்டிட்டு வந்தவர் சேகர். பின்னாடி ஜாகீர் எடுத்தது 311 டெஸ்ட் விக்கெட். 2011 உலகக் கோப்பையில் 21 விக்கெட்!

பௌலர் ஆகணும்னு 1987-ல் இங்கே வந்த ஒரு பொடியனை, 'நீ பேட்டிங்கைப் பாரு'னு லில்லி அனுப்பி வெச்ச கதையும் உண்டு. பொடியன் பேரு, சச்சின் டெண்டுல்கர். யாருக்கு எது வரும்னு கண்டுபிடிச்சுச் சொல்றதும் கோச்சிங்தான்.

20 வருஷத்துக்கு மேல சேத்துப்பட்டுல இருந்துட்டு, 2008-ல் ஐ.பி.எல். வந்தப்போ டெல்லி டேர்டெவில்ஸுக்குப் போனார் சேகர்.

355 எடுத்தவரும் பூஜ்யம் எடுத்தவரும் ஒரே மைதானத்தில் வாத்தியார்கள். பசங்களுக்கு ரெண்டு பேருமே தேவைப்பட்டாங்க. செய்யத் தெரியறது ஒரு திறமை. இன்னொருத்தர் எங்கே தடுக்கி விழறார்னு பார்த்துச் சொல்லத் தெரியறது வேற திறமை. முதல் திறமைக்கு மார்க் ஷீட் உண்டு. ரெண்டாவதுக்குக் கிடையாது. அடுத்தவங்களோட ஸ்கோர்ல தேடிப் பார்த்தாத்தான் தெரியும்.

கேம்பஸ் இன்டர்வியூல கழட்டி விட்டுட்டாங்களா? சி.ஜி.பி.ஏ. காலை வாருதா? உங்களால பாஸானவங்க எத்தனை பேர்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க, ஃப்ரெண்ட்ஸ்!