படகுக்கு ஒரு கைவண்டி!

தண்ணீரில் கிடக்கும் தோணியை ஒரு சிறுவன் தள்ளி விடுவான். அதே தோணியைக் கரையில் ஏற்ற நாலு ஆள் வேண்டும்!

இந்த நாலு ஆள் கிடைக்காமல்தான் பலருடைய பிழைப்பு அரை நாள் நின்று விடுகிறது. வலை தயார். துடுப்பு தயார். கடலும் அமைதி. ஆனால் தோள் கொடுக்க ஆள் இல்லை. "ஒரு கை கொடுங்கண்ணே!" என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட வேண்டும்.

குமரிக் கடற்கரையில் "மரம்" என்றால் கட்டுமரம். அந்தக் காலத்து மீனவர் இந்தச் சுமைக்கு ஒரு வழி கண்டு வைத்திருந்தார். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார். மரங்களைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மேட்டில் போடுவார். சுமை பிரிந்தது. ஊறிய மரமும் உலர்ந்தது. உலராத மரம் கனக்கும், சரியாக மிதக்காது. எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள்! "கட்டுமரம்" என்ற நம் சொல்லை 1697-ல் டாம்பியர் என்ற இங்கிலாந்து மாலுமி தம் பயணப் புத்தகத்தில் எழுதினார். அதுவே இங்கிலீஷில் "கேட்டமரான்" ஆயிற்று.

பிறகு ஒட்டுப்பலகைப் படகு வந்தது. பைபர் படகு வந்தது. இவற்றை அவிழ்க்க முடியாது!

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1979-ல் சென்னையில் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணல் கரையில் ஏற்றி இறக்கத் தக்க படகு எது, அதை எப்படி இழுப்பது என்று நிபுணர்கள் சோதித்தார்கள். இன்று பல கரைகளில் பெரிய படகை டிராக்டர் இழுக்கிறது. சிறு படகுக்கு டிராக்டர் எதற்கு? இரண்டு சக்கரம் போதும். வீட்டிலேயே செய்து விடலாம்.

கயாக் என்றால் என்ன?

வட துருவப் பக்கத்து இனுயிட் மக்களின் சிறு படகுக்குக் கயாக் என்று பெயர். மரச் சட்டத்தின் மேல் சீல் என்னும் கடல் பிராணியின் தோலைப் போர்த்திச் செய்வார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். ஒருவர் போகும் கயாக் ஏறக்குறைய 10 அடி நீளம். 20 முதல் 30 கிலோ எடை. இங்கே சொல்லும் வண்டி கயாக்குக்கும் ஆகும். ஒற்றை ஆள் ஏறும் தெர்மக்கோல் தெப்பத்துக்கும் ஆகும்.

சக்கரத்தை எங்கே வைப்பது?

வண்டியின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

முதலில் ஓர் உருண்டைக் கட்டையைத் தரையில் போடுங்கள். அதன் மேல் படகைக் குறுக்கே வையுங்கள். முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் சாயாமல் ஓர் இடத்தில் நிற்கும். அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் படகின் எடை நடு.

சிலர் சக்கரத்தைப் படகின் வால் நுனியில் மாட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 30 கிலோ படகில் பாதி, அதாவது 15 கிலோ, இழுப்பவர் கையில் தொங்கும்!

எடை நடுவுக்கு அரை அடி பின்னால் சக்கரத்தை வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து 5 அடி முன்னால் கைப்பிடி. இப்போது கையில் விழும் எடை மூன்று கிலோகூட இல்லை. மாட்டு வண்டிக்காரருக்கு இது தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும். அதனால்தான் அவர் பார்த்துப் பார்த்து மூட்டை அடுக்குகிறார்.

செய்யும் விதம்

இரண்டு அடி நீளத்தில் இரண்டு குறுக்குச் சட்டம். ஒன்றரை அடியில் இரண்டு நெடுக்குச் சட்டம். நாலையும் போல்ட்டு போட்டு முடுக்குங்கள். ஆணி அடித்தால் ஆட்டத்தில் கழன்று விடும். குறுக்குச் சட்டங்களின் மேல், படகின் அடி வளைவுக்கு ஏற்பக் குடைந்த கட்டைகளைப் பொருத்துங்கள். இதுதான் படகு உட்காரும் தொட்டில். பழைய சைக்கிள் டியூபை அதில் சுற்றினால் படகு கீறாது; வழுக்காது.

சட்டத்தின் அடியில் இரும்புக் கம்பி அச்சு. இரண்டு நுனியிலும் சக்கரம், வாஷர், அச்சாணி. அச்சாணி விழுந்து விடாதபடி வளைத்து விடுங்கள்.

சைக்கிள் சக்கரம் மலிவாகக் கிடைக்கும். தார் ரோட்டுக்குச் சரி. மணலில் அரிவாள் போல இறங்கி விடும்! சாந்து சுமக்கும் தள்ளுவண்டியின் அகலச் சக்கரமே மணலுக்கு ஏற்றது. அதிலும் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் சப்பையாகப் பரவி மணல் மேல் மிதந்து போகும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று அடிக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் காற்று!

ஆரல்வாய்மொழியில் கடல் இல்லை. குளம் உண்டு, காற்று உண்டு. மலை இங்கே வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசலில் நுழைந்து சீறுகிறது. அதை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. இந்த ஊரில் படகை வண்டியில் வைத்து இழுப்பவர் காற்றுக்கும் கணக்குப் போட வேண்டும்.

10 அடி நீளம், ஓர் அடி உயரம் உள்ள படகின் பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், ஏறக்குறைய 10 கிலோ பாரம் தள்ளுவது போல் இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்காகும்! ஆகவே சக்கரங்களுக்கு நடுவே இரண்டரை அடியாவது இடைவெளி விடுங்கள். படகை முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் தொட்டிலோடு கட்டுங்கள். ஒற்றைக் கட்டு போட்டால் காற்று படகைத் திருகி விடும். ஆடி மாதத்தில் தனியாக இழுக்க வேண்டாம்; பின்னால் ஒருவர் பிடித்து வரட்டும்.

உப்புக்கு இரும்பைக் கண்டால் ஆகாது. மணக்குடிப் பொழிமுகம் வரை போய் வந்தால் அன்றைக்கே அச்சையும் சக்கரத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவுங்கள். நாளைக்கு என்று விட்டால் சக்கரம் அச்சோடு ஒட்டிக் கொள்ளும்.

படகு தண்ணீரில் இறங்கிய பிறகு வண்டியை அலை ஓரத்தில் விடக் கூடாது. ஏற்றம் வந்தால் இழுத்துக் கொண்டு போய் விடும். மேட்டில் உள்ள தென்னை மரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து கொண்டு புறப்படலாம்.