ஒதுக்கிய சொத்தை எங்கே போகிறது?

வெம்பாக்கம் வட்டத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, தின்னாமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. ஏரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில் ஆனி, ஆடியில் விதைத்து, புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்குகிறோம். களத்திலேயே பச்சைக்காய் அவித்துத் தின்பதும், தறியை நிறுத்திவிட்டு எழுந்தவர் சாயங்காலம் ஒரு கை வறுத்த பருப்பை மெல்லுவதும் இந்தப் பக்கத்தில் அன்றாடம்.

இவ்வளவு நெருக்கமான இந்தப் பயிர் நம் மண்ணில் பிறந்ததில்லை. பொலிவியா, வட அர்ஜென்டினா மலையடிவாரங்கள்தான் அதன் தாய்வீடு. போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் அதைக் கப்பலேற்றி உலகெங்கும் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு நம் பக்கத்து மல்லாட்டை போனது. நூறு கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. நியாசினும் ஃபோலிக் அமிலமும் மக்னீசியமும் தாராளம். தினமும் முட்டை, கறி வாங்க முடியாத வீட்டுக்கு இதைவிட மலிவான சத்து அரிது. அதனால் இதை யாரும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லதாகத் தின்ன நமக்கு உரிமை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

கெட்ட கடலை என்ன செய்யும் என்பது தெரிய வந்த கதை இது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் விட்ட நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாக அழியாது. ஈரலைத்தான் அது குறிவைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் வைத்திருக்கிறது. மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெப்படைட்டிஸ் பி உடம்பில் இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். வேறு பயிர், அதே நஞ்சு.

நம் பக்கத்தில் இது எப்படி வருகிறது? காய் முற்றும் நேரத்தில் வானம் பொய்த்தால் செடி வாடி, மண்ணிலேயே பூஞ்சணம் காய்க்குள் ஏறும். பிடுங்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் களத்தில் காய் காயாது. ஈரம் நூற்றுக்கு எட்டுக்குக் கீழே இறங்கும்வரை காய வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று கேட்க வேண்டும். அதற்கு முன்பே மூட்டை கட்டினால் மூட்டைக்குள் பூஞ்சணம் வளரும். மிஷினில் உடைக்கும்போது பருப்பு உடையாமலிருக்கக் காய் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் உண்டு. எடையும் கூடும். காய்ந்ததைத் திரும்ப நனைப்பதைவிடப் பெரிய கேடு இந்தத் தொழிலில் இல்லை.

சொத்தை, சுருங்கல், நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது: நஞ்சின் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கும். வீட்டில் பெண்கள் முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிவது ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொள்ளும் நல்ல வைத்தியம். எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்த கட்டம். வியாபாரத்தில் ஒதுக்கிய சொத்தையை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. மலிவு விலையில் அது எண்ணெய் ஆட்டப் போகிறது. ஆட்டியதில் நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். ஒரு பங்கு எண்ணெயிலும் இறங்கும். சுத்திகரிக்கும் ஆலையில் அது நீங்கிவிடும், செக்கு எண்ணெயில் நீங்காது. செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் எந்தப் பருப்பில் ஆட்டியது என்று கேட்டே ஆக வேண்டும்.

புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு தின்ற நஞ்சில் நூற்றுக்கு ஓரிரு பங்கு எம்1 என்னும் வடிவில் பாலில் வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டது. நாட்டிலேயே எம்1 வரம்பு மீறிய மாதிரிகள் அதிகம் கிடைத்தது தமிழ்நாட்டில்: 551க்கு 88. கலப்படக்காரன் கலந்ததில்லை இது. தீவனம் வழியாக வந்தது. பால் முக்கிய உணவாக இருக்கும் வயது குழந்தை வயது என்பதால் இந்த எண்ணை நான் லேசாகக் கடக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அப்படியே உண்ணும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், பாலில் எம்1 என்றால் 0.5 மைக்ரோகிராம், அதற்கு மேல் இருக்கக் கூடாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயியைத் தொடுவதில்லை. 18ஆம் பிரிவு அவருக்கு விலக்குத் தருகிறது. பொறுப்பு வியாபாரியிடமிருந்து தொடங்குகிறது.

அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. வாங்கிய பொருளை வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். வாங்கும்போதே 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் தரமற்றது என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். நமக்குப் பக்கம் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம். 65ஆம் பிரிவு நஷ்ட ஈடும் தருகிறது. உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய். ஆனால் அஃப்லடாக்சின் கெடுதல் வெளியே தெரியப் பல வருஷம் ஆகும். எந்தக் கடைக் கடலை என்று அப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே நஷ்ட ஈட்டைவிட முன்கூட்டிச் சோதிக்கும் உரிமைதான் நமக்குப் பெரிய ஆயுதம்.

பொட்டலத்தில் வாங்கினால் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்கள், பில் கேளுங்கள். கெட்டது கையில் கிடைத்தால் படம் எடுத்து 94440 42322 என்ற உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. இந்த நஞ்சின் ஆபத்தைப் பெருக்கும் கிருமியைத் தடுக்க, குழந்தைக்குப் பிறந்தவுடன் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் கலப்புத் தீவன மூட்டையில் ஐ.எஸ். 2052 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தில் அஃப்லடாக்சினுக்கு வரம்பு உண்டு. சொத்தைப் பருப்பை விற்காமல் குழி தோண்டிப் புதையுங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 மறைந்துவிடும்.