பவுன் காசில் படியும் வண்ணம்: அழுக்கா, அடையாளமா?



உங்கள் இல்லத்துப் பெட்டகத்தின் அடியில், பாட்டியார் துணியில் முடிந்து வைத்த பழைய பவுன் காசுகள் இருக்கின்றனவா? இருந்தால் ஒருமுறை அவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பசுமஞ்சளாய் ஒளிரும். மற்றொன்றின் விளிம்பில் செம்மை ஓடியிருக்கும். இன்னொன்றில் எழுத்துகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்ந்திருக்கும். மிக அரிதாகச் சில காசுகளில் ஊதாவும் நீலமும் கூடத் தென்படும்.

இவ்வாறு நிறம் மாறிய காசைக் கண்டதும் வீட்டில் இரண்டு பேச்சுகள் எழும். "இது மட்டப் பொன், மாற்றுக் குறைவு" என்பார் ஒருவர். "புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்" என்பார் இன்னொருவர். முதற்பேச்சை நம்பினால் விற்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் உரியவருக்கு உரியது கிடைக்காமற் போகும். இரண்டாம் பேச்சை நம்பினால் காசே கெடும். எனவே இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நம் குடும்பங்களுக்குத் தேவையான அறிவாகும்.

கடல் கடந்து வந்த காசுகள்

காவிரிப் படுகையில் பொற்காசு புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இராசராச சோழன் காலத்துப் பொற்கொடைகளை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் குறித்திருக்கின்றன. பொன்னின் தரத்தைத் 'தண்டவாணி' என்னும் அளவையோடு ஒப்பிட்டு, மாற்று எவ்வளவு தாழ்ந்தது என்பதையும் சொல்லுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் பொன்னைக் கண்ணின் மதிப்பீட்டுக்கு விட்டுவிடாமல், நிறையாலும் மாற்றாலும் மதித்தார்கள் என்பது இதனால் விளங்கும். பிற்காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்த டச்சு வணிகர்களும் அங்கேயே வராகன் அடித்தார்கள்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை முதலான ஊர்களிலிருந்து மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பொருள் தேடிச் சென்றவர்கள் பலர். அக்காலத்தில் உலகெங்கும் செலாவணியாக மதிக்கப்பட்ட பொற்காசு ஆங்கிலேயரின் சவரன். அதன் எடை 7.98 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு பொன், ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. இதையே நாம் 22 காரட் என்கிறோம். இன்று 8 கிராமை ஒரு பவுன் என்று வழங்குவதும் இக்காசின் வழி வந்த வழக்கமே. 1918ஆம் ஆண்டு பம்பாய் நாணயச்சாலையிலும் சவரன் அடிக்கப்பட்டது. மஹராகவும் காசுமாலையாகவும் நம் இல்லங்களில் தங்கியவற்றுள் இத்தகைய காசுகள் மிகுதி.

பொன் கறுப்பதில்லை

தூய பொன் காற்றோடும் நீரோடும் கலந்து கெடுவதில்லை. இரும்பைப்போல் துருப்பிடிப்பதும் இல்லை. வெள்ளியைப்போல் கறுப்பதும் இல்லை. ஆனால் தூய பொன் மென்மையானது. காசு தேயாமலிருக்கச் செம்போ வெள்ளியோ சேர்க்கிறார்கள். நிறம் மாறுவது அவ்வாறு சேர்க்கப்பட்ட உலோகமே.

காற்றிலும் மண்ணிலும் உள்ள கந்தக ஆவி, காசின் மேற்பரப்பிலுள்ள செம்பையும் வெள்ளியையும் தொட்டு மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றினும் அது மெல்லியது. அப்படலத்தின் மேற்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் மங்கும்; சில மிகும். மழைநாளில் சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில்லாய்த் தோன்றுவதும் இதே முறையில்தான். படலம் தடிக்கத் தடிக்க, மஞ்சள் ஆரஞ்சாகி, சிவந்து, ஊதாவாகி, நீலத்தை எட்டும்.

காசுக்குக் காசு நிறம் வேறுபடுவதற்குக் கலவையும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1855 முதல் அடிக்கப்பட்ட தொடக்ககாலச் சவரன்களில் செம்புக்கு மாற்றாக வெள்ளி கலந்ததால் அவை வெளிர்மஞ்சளாய் இருக்கின்றன. உருக்கும்போது செம்பு சரிவரக் கலவாத இடத்தில் சிவந்த புள்ளி தோன்றும். இவை யாவும் போலியின் அடையாளங்கள் அல்ல.

நெல்வயலும் எரிமலையும்

நம் பகுதியில் கந்தகத்துக்குப் பஞ்சமில்லை. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் காற்றுப் புகுவதில்லை. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள கந்தக உப்புகளைச் சிதைத்து, அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஆவியை வெளியிடுகின்றன. சேறு கறுத்திருப்பதற்கும் அதுவே ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக் காற்றும், அடுப்புப் புகையும் வீட்டுக்குள் இருக்கும் காசுகளை மெல்லத் தொடுகின்றன. காசைச் சுற்றிய ரப்பர் வளையமும், கம்பளித் துணியும்கூடக் கந்தகம் உடையவை.

இத்தாலி நாட்டில் பாம்பெய் நகருக்கு அருகே பொஸ்கோரியாலே என்றோர் ஊர் உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அவ்வூர் புதையுண்டது. 1895இல் அங்கு ஒரு மாளிகையின் இடிபாட்டில் வெள்ளிப் பாத்திரங்களோடு ஏறத்தாழ ஆயிரம் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பல, ஆழ்ந்த செந்நிறமும் ஊதாநிறமும் கொண்டிருந்தன. இன்றும் உலகச் சேகரிப்பாளர்கள் அந்நிறத்தை அவ்வூரின் பெயராலேயே அழைத்து, மிகுந்த விலை கொடுத்து வாங்குகிறார்கள். நாம் புளியிட்டுத் தேய்க்க நினைப்பதை அவர்கள் தேடி அலைகிறார்கள்!

விலை கிடைக்கும் இடத்தில் வஞ்சமும் நுழையும். கந்தகக் கலவையில் தோய்த்தும், சூடேற்றியும் செயற்கை வண்ணம் ஏற்றுவோர் உண்டு. இயற்கை வண்ணம் பெரும்பாலும் எழுத்துகளின் இடுக்கிலும் விளிம்பிலும் தொடங்கி, ஒரு நிறம் மற்றொன்றில் மெதுவாய்க் கரையும். திட்டுத்திட்டாய், எல்லாக் காசிலும் ஒரே சாயலாய், கண்ணைப் பறிக்கும் நீலமாய் இருப்பதைக் கண்டால் ஐயுறுங்கள்.

மாற்றை அறிவது எவ்வாறு?

நிறம் மாறிய காசைக் காட்டி, "கழிவு போக இவ்வளவுதான்" என்று எவரேனும் விலை குறைத்தால் ஏற்காதீர்கள். படலம் காசின் தோலளவே. அதனால் பொன்னின் நிறை குறைவதில்லை. உரைகல்லில் முதல் உரைப்பிலேயே அது போய்விடும்.

எனினும் உரைகல்லும் முழு உண்மை சொல்லாது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பிலிருந்து செம்பும் வெள்ளியும் கரைந்து போவதால், உள்ளே இருப்பதைவிட மேலே மாற்று உயர்ந்து காணும். ஹால்மார்க் மையங்களிலுள்ள எக்ஸ் கதிர்க் கருவியும் மேற்பரப்பையே படிக்கிறது. ஆகவே நீரில் நிறுத்தும் பழைய முறையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. வளையம் பற்றவைக்காத சவரன் ஒன்றை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், ஏறத்தாழ 0.45 கிராம் எடை குறைந்து காட்டும். குறைவு இதனினும் மிக அதிகமானால் உள்ளே பொன் குறைவு என்று ஐயுறலாம்.

செய்யத் தக்கவை, தகாதவை

புளி, சாம்பல், செங்கல் தூள், பல்பொடி, அமிலம் ஆகிய எதுவும் காசைத் தொடக்கூடாது. தேய்க்கும்போது படலத்தோடு பொன்னும் போகும். முகமும் எழுத்தும் மழுங்கும். அரிய காசாயின் அதன் சேகரிப்பு மதிப்பு அன்றே வீழும். மண் ஒட்டியிருந்தால் வெந்நீரில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு காசையும் தனியே, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். கையாளும்போது விளிம்பைப் பிடியுங்கள்.

நிலத்தில் காசு கிடைத்தால் ஒளிப்பது குற்றம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தைத் தோண்டியபோது, செப்புக் கலவையாலான கலயம் ஒன்றில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றின் மொத்த எடை 1.716 கிலோ. காசுகளில் அரபு எழுத்துகள் காணப்பட்டன. அக்கலயம் அரசு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதாலேயே செய்தி உலகுக்குத் தெரிந்தது. மேலும், நூறாண்டு கடந்த காசு சட்டத்தின் பார்வையில் தொல்பொருளாகும். அதைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. பயணம் போகும் பிள்ளைகளிடம் பாட்டியாரின் காசைக் கொடுத்தனுப்புவோர் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நிறைவாக ஒன்று. ஸகாத் கணக்கிடும்போது பொன்னின் நிறத்தை எவரும் கேட்பதில்லை. நிறையையும் மாற்றையுமே பார்க்கிறோம். வாரிசுப் பங்கீட்டிலும் அதுவே முறை. பளபளப்பான காசுகளை ஆண்மக்கள் எடுத்துக்கொண்டு, கறுத்தவற்றைக் குறைந்த விலைக்கு மதித்துத் தங்கையின் பங்கில் தள்ளுவது அளவையில் குறைத்ததற்கு ஒப்பாகும். பாகம் பிரிக்க அமரும் நாளில் முதலில் தராசை வையுங்கள். ஒவ்வொரு காசின் எடையையும் மாற்றையும் தாளில் எழுதுங்கள். எல்லாரும் கையொப்பமிட்ட பிறகே பங்கைப் பேசுங்கள்.