கடைசி வரியில் கிடந்த எச்சரிக்கை

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் லாரிகள் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய்க்குள் இறங்கத் தொடங்குகின்றன. சரிவும் வளைவும் கலந்த சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பயணிப்பவர்கள் அஞ்சும் இடம் அது. 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று முன்னால் நின்ற வாகனங்கள் மீது வரிசையாக மோதியதில் நான்கு பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலம் அருகே லாரிகளும் காரும் மோதித் தீப்பற்றியதில் மீண்டும் நான்கு பேர் இறந்தனர். கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழகமே பார்த்துப் பதறியது.

இங்கே எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. சாலையோரம் பலகைகள் இருக்கின்றன. போலீஸார் லாரிகளை நிறுத்தி டிரைவர்களிடம் பேசுகிறார்கள். ஆனாலும் ‘நியூட்ரலில் இறக்காதீர்கள்’ என்ற ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஏன் போய்ச் சேரவில்லை என்று யோசித்தால், அலுவலக மீட்டிங்குகளில் நடக்கும் பல தவறுகளுக்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

டிரைவர் நியூட்ரல் போடுவது டீசலை மிச்சம் பிடிக்க. சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவதும் உண்டு. கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும்; நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். முழுச் சுமையையும் பிரேக் மட்டுமே தாங்க, டிரம் சூடேறி அதன் பிடிமானம் குறையும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காற்று பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் நின்றுவிடும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தொட்டியில் இருக்கும் அழுத்தம் குறையும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிப்போகும்.

இத்தனையையும் ஒரு பலகையில் எழுத முடியாது. எழுதினாலும் படிக்க முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். எனவே சரிவில் நிற்கும் பலகைக்கு ஒரே வேலைதான்: ‘கியரைக் குறை’ என்று சொல்வது. காரணத்தை விளக்க வேண்டிய இடம் வேறு: சுங்கச்சாவடி, டீக்கடை, லாரி புறப்படும் ஷெட்.

விளக்கும்போதும் டிரைவரின் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். ‘நியூட்ரலில் போனால் உயிருக்கு ஆபத்து’ என்பது பல ஆண்டுகளாக அந்த வழியில் பத்திரமாக ஓட்டி வந்தவர் காதில் ஏறாது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய லாரிகளில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கத்தான் நியூட்ரல் என்றால், அந்தக் கணக்கே தப்பு. இதைக் கேட்கும் டிரைவர் அடுத்த கேள்வி கேட்பார். கேட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முடிவு எடுப்பவர் டிரைவர் மட்டும்தானா? மைலேஜ் குறைந்தால் டிரைவரைத் திட்டும் முதலாளியும், கூடினால் படி தரும் நிறுவனமும் அவர் கையை கியர் லீவரை நோக்கி நகர்த்துகிறார்கள். அப்படியானால் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உள்ள லாரி உரிமையாளர்கள் முன்னால்தான் முதல் பிரசன்டேஷனைக் கொடுக்க வேண்டும். எதைச் சொல்வது என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். யாரிடம் சொல்வது என்பதை யோசிப்பவர்கள் குறைவு. தமிழக அலுவலகங்களில் எத்தனையோ நல்ல யோசனைகள், கையெழுத்துப் போடும் அதிகாரமே இல்லாதவர்கள் முன்னால் அழகாக விளக்கப்பட்டு அங்கேயே முடிந்துபோகின்றன.

சரியான ஆட்களிடமே சொன்னாலும், சொல்லும் வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் கொலம்பியா விண்வெளி ஓடம். 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்டபோது, வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் விண்ணில் இருந்தபோதே, அந்த மோதல் ஆபத்தானதா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா நிர்வாகிகளுக்கு பவர்பாயின்ட்டில் விளக்கினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடு பின்னர் புகழ்பெற்றது. சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பு மிகையான பாதுகாப்புடனேயே இருக்கிறது என்ற பொருளில், நிம்மதி தரும் ஒரு தலைப்பு. அதன் கீழே புள்ளிகள், உட்புள்ளிகள், உட்புள்ளிகளுக்கும் உட்புள்ளிகள். ஒவ்வொரு படியிலும் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. உயிர்போகும் செய்தி கடைசி வரியில் கிடந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், கொலம்பியாவின் மீது மோதியதாக மதிப்பிடப்பட்டது 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. அந்தச் சோதனையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி. ஆனால் தலைப்பு நேர் எதிரான எண்ணத்தைத் தந்தது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதும் நிறைவேறவில்லை. நிர்வாகத்தில் வேறு குறைகளும் இருந்தன. ஆனாலும் அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் வெளியான விசாரணை வாரிய அறிக்கை, ஸ்லைடை ஆராய்ந்த தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்டியின் பகுப்பாய்வுக்கு இடம் கொடுத்தது. உயிர் ஆபத்து பற்றிய ஸ்லைடு இது என்பதை ஒரு மூத்த அதிகாரி உணராமலேயே படித்துவிட முடியும் என்று வாரியம் சொன்னது.

ஒரு ஸ்லைடின் தலைப்பில் முடிவு இருக்க வேண்டும். வெறும் தலைப்புச் சொல் போதாது. ‘விபத்து விவரங்கள் – ஓர் ஆய்வு’ என்று தொடங்கும் அதிகாரி பத்து நிமிடத்தை வீணாக்குகிறார். ‘பாளையத்தில் எல்லா லாரிகளையும் நிறுத்தி பிரேக்கைச் சோதிக்க அனுமதி வேண்டும்’ என்று தொடங்குபவர் முன்னால் மாவட்ட ஆட்சியர் நிமிர்ந்து உட்காருவார். ஏன், எவ்வளவு செலவு, போக்குவரத்து தேங்காதா என்ற கேள்விகள் தாமாகவே வரும். வரைபடங்களும் எண்களும் அந்தக் கேள்விகளுக்குப் பதிலாக வந்தால்தான் உயிர் பெறும். முடிவைக் கடைசிவரை ஒளித்து வைத்து ஆர்வம் கூட்டுவது கதை சொல்பவருக்குப் பொருந்தும். பன்னிரண்டு மணிக்கு வேறு மீட்டிங் இருக்கும் அதிகாரியிடம் அது செல்லாது.

சொன்னது புரிந்ததா என்று அறிவது தனிக் கலை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி நகருக்கு மேலே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதியதில் 349 பேர் இறந்தனர். கசக் விமானத்துக்குக் குறிக்கப்பட்ட உயரம் 15,000 அடி. எதிரே வந்த சவுதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே விமானம் வருவதையும் டெல்லி கட்டுப்பாட்டு அறை சொல்லியிருந்தது. ஆனால் கசக் விமானத்தில் ஆங்கிலத்தில் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். விமானத்தை ஓட்டியவர்கள் அவர் வழியாகவே செய்தியைப் பெற்றார்கள். விமானம் 15,000 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த மொழி இடைவெளி சாலையிலும் உண்டு. ஸ்ரீநகரிலிருந்து குமரி வரை நீளும் நெடுஞ்சாலையில் தொப்பூரைக் கடப்பவர்களில் ஹரியானாக்காரர் உண்டு, ஆந்திராக்காரர் உண்டு, ராஜஸ்தான்காரரும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் ஓசூர் தொழிற்சாலையிலும் நிலைமை இதுதான். இந்தியில் பேசும் தொழிலாளியிடம் தமிழில் பத்து நிமிடம் விளக்கிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பவே கூடாது. “அண்ணே, டோல்கேட் தாண்டினதும் என்ன செய்வீங்க?” என்று கேட்டு, “கியரைக் குறைச்சு, காலை பிரேக்குல வச்சுக்கிட்டே போகாம விட்டு விட்டு மிதிப்பேன்” என்று அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். வராவிட்டால் விளக்கியவர்தான் வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டும்.

கெட்ட செய்தியைச் சொல்வதில்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பயணம் தோற்று வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தோல்வியை ஒப்புக்கொண்டு, பொறுப்பைத் தானே ஏற்று, தன் குழு அடுத்த முறை வெல்லும் என்றார். மறைக்கவில்லை, தொழில்நுட்பச் சொற்களுக்குள் ஒளியவும் இல்லை. 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வென்றபோது பேட்டியைக் கொடுக்கக் கலாமையே அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். புராஜெக்ட் தாமதமாகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லப் போகும் மேலாளருக்கு இதில் நேரடியாகப் பயன்படும் வரிசை இருக்கிறது: நடந்தது என்ன, யார் பொறுப்பு, அடுத்து என்ன நடக்கும். காரணப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

மீட்டிங் முடிந்த அன்றே யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று நான்கு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. வேறு மொழி பேசுபவர் குழுவில் இருந்தால் அந்த நான்கு வரியையும் அவர் மொழியில் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பலாம். ஓட்டத்தில் இருக்கும் லாரிக்காரர் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது அதைக் கேட்டுக்கொள்வார்.